பிழையும் ஒரு சான்று

இருபத்து நான்கு செய்முறைப் பதிவேடுகள் என் மேசைமீது கிடந்தன. இருபத்து மூன்றில் ஒரே விடை. இருபத்து நான்காவதில் மட்டும் வேறு விடை. அதன் தலைமீது சிவப்பு மையால் ஒரு சுழி!

நான் இயற்பியல் கற்றவன் அல்லன். வரலாறு படித்தவன், வரலாறு கற்பிப்பவன். நெய்வேலி நகரியத்திலே, மாலைக் காற்றில் பழுப்பு நிலக்கரியின் வாடை மிதந்து வரும் ஒரு தெருவிலே குடியிருப்பவன். இயற்பியல் ஆசிரியர் விடுப்பில் சென்ற நாளொன்றில், ஆய்வுக்கூடத்தில் மாணவரோடு அமர்ந்திரு என்று பணித்தனர், அமர்ந்தேன். நூலில் தொங்கும் குண்டு, நிறுத்துக் கடிகாரம், மீட்டர் கோல். ஊசலை ஆட்டி, இருபது அலைவுக்கு ஆகும் நேரத்தை எண்ணி, அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டறிய வேண்டும். பாடநூல் கூறும் விடை 9.8. இருபத்து மூன்று பேர் கண்ட விடையும் 9.80. இரண்டாம் பதின்மக் கூற்றிலும் இம்மியளவு மாற்றமில்லை. அந்த ஒரு மாணவன் கண்டது மட்டும் 9.6.

"தம்பி, உன் விடை ஏன் வேறாக இருக்கிறது?" என்று கேட்டேன்.

"எனக்கு வந்தது அதுதான் ஐயா," என்றான். சற்று நேரம் தலைகுனிந்து நின்றவன், பிறகு கேட்டான்: "தேர்விலும் 9.6 என்றே எழுதலாமா ஐயா? எழுதினால் மதிப்பெண் போய்விடுமே!"

அந்தக் கேள்விக்கு அன்று என்னால் உடனே விடை கூற இயலவில்லை. அன்றிரவு நான் தேடிச் சென்ற விடை, இயற்பியல் ஏட்டில் அன்று, என் சொந்தத் துறையான வரலாற்று ஏட்டில் கிடைத்தது. அதனைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆண்டு 1802. திங்கள் ஏப்ரல். இடம், சென்னையை அடுத்த புனித தோமையார் மலையடிவாரம். திப்பு சுல்தான் வீழ்ந்து மூன்றாண்டு கூட ஆகவில்லை. வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி, கொளுத்தும் வெயிலிலே, நூறு அடி நீளமுள்ள ஓர் எஃகுச் சங்கிலியைத் தரையிலே நீட்டிக் கொண்டிருந்தார். அந்தச் சங்கிலிக்கும் ஒரு வரலாறு உண்டு. சீனப் பேரரசருக்குப் பரிசாகச் சென்று, வேண்டாமென்று மறுக்கப்பட்டு, கல்கத்தா வந்து சேர்ந்து, லாம்டன் கைக்கு எட்டியது அது. தென்குமரியிலிருந்து இமயம் வரை இந்த நிலப்பரப்பை முக்கோணங்களால் பின்னி அளக்கப் போகிறார்கள். அந்தப் பின்னலுக்கு முதல் இழை, ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோடு. அந்த ஒரு கோட்டை அளந்துவிட்டால், மற்றவற்றைக் கோணங்களைக் கொண்டே கணக்கிட்டுக் கொள்ளலாம். அடிக்கோட்டில் தவறு புகுந்தாலோ, அதன்மேல் எழும் ஆயிரம் முக்கோணங்களிலும் அத்தவறு குடியேறிவிடும்!

ஏழரை மைல் நடக்க ஒரு காலைப்பொழுது போதும். அதனை அளக்க லாம்டனுக்கு ஆறு வாரம் பிடித்தது. ஏன்? வெயில்! எஃகு சூட்டால் நீளும். பத்துப் பாகை வெப்பம் ஏறினால் நூறு அடிச் சங்கிலி ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு அங்குலம் நீளும். அது என்ன பெரிய நீளம் என்று எள்ளி நகையாடத் தோன்றும். ஆனால் ஏழரை மைல் என்பது நானூறு சங்கிலி. நானூறு முறை நீண்ட சங்கிலியை நூறு அடி என்றே எண்ணினால், முடிவிலே நாலே முக்கால் அடி காணாமற் போய்விடும். ஆகவே சங்கிலியை மரப்பெட்டிகளிலே கிடத்தி, பெட்டிதோறும் வெப்பமானி வைத்து, ஒவ்வொரு முறையும் வெப்பத்தைக் குறித்து, அதற்கேற்பத் திருத்தம் செய்தார்கள். சங்கிலியையும் அப்படியே நம்பிவிடாமல், வேறொரு சங்கிலியோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள்.

இங்கே இளைஞர்கள் ஒன்றைக் கருத்திலே பதித்துக் கொள்ள வேண்டும். பிழை இருவகைப்படும். கடிகாரத்தை அழுத்தும் கை ஒருமுறை முந்தும், ஒருமுறை பிந்தும். கூடுதலும் குறைவுமாய் இருபுறமும் சிதறும் பிழை அது. பலமுறை அளந்து சராசரி கண்டால் அது தேய்ந்துவிடும். மற்றொரு பிழை ஒருபக்கமாகவே சாயும் பிழை. வெயிலில் நீண்ட சங்கிலியால் நூறு முறை அளந்தாலும், நூறு முறையும் தூரம் குறைவாகவே வரும். நூறு விடையும் ஒத்திருக்கும். நூறும் தவறாக இருக்கும்! திரும்பத் திரும்பச் சொல்லப்படுவதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்று மேடைதோறும் நாம் முழங்குகிறோமே, அந்தப் பாடத்தை ஒரு சங்கிலி நமக்குச் சொல்லிக் கொடுக்கிறது. இந்த இரண்டாம் வகைப் பிழையைச் சராசரி பிடிக்காது. வேறு வழியிலே, வேறு கருவியாலே, வேறு இடத்திலே அளந்து ஒப்பிட்டால்தான் அது அகப்படும்.

லாம்டன் அதைத்தான் செய்தார். சென்னையிலிருந்து முக்கோணம் முக்கோணமாகப் பெங்களூர் வரை சென்று, அங்கே இரண்டாவது அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். சென்னைக் கோட்டிலிருந்து கணக்கிட்டு வந்த நீளத்தையும், பெங்களூரிலே நேராக அளந்த நீளத்தையும் ஒப்பிட்டார். நூற்றைம்பது மைலுக்கு மேல் கடந்து வந்தும், ஏழு மைல் கோட்டிலே வேறுபாடு சில அங்குலமே. ஒத்துவிட்டது என்று ஒரு சொல்லில் முடித்துவிடவில்லை. எத்தனை அங்குலம் ஒத்துவரவில்லை என்பதையும் எழுதி வைத்தார். அந்தச் சில அங்குலம்தான் அவருடைய ஏழு மைலுக்கு நற்சான்று!

தஞ்சைக்கு வருவோம். ஆண்டு 1808. சோழ மண்டலத்துச் சமவெளியிலே குன்று ஏது? ஆகவே கோபுரங்கள் மீதேறிக் கோணம் அளந்தனர். அரை டன் எடையுள்ள பெரிய கோணமானி, தியோடலைட் என்று பெயர். அதுவும் கடல்வழியிலே பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கி, மொரீசியசுத் தீவைக் கண்டு, பின்னரே சென்னை சேர்ந்த கருவி. இராசராசன் எழுப்பிய பெரிய கோயில் விமானத்தின்மீது அதனைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். விலகாமல் இழுத்துப் பிடித்திருந்த கயிறு அறுந்தது. கருவி ஊசலாடிச் சென்று கல்லிலே மோதியது. கோணம் காட்டும் வட்டம் நெளிந்தது. இந்தியாவிலே அதற்கு இணையான கருவி இல்லை. இங்கிலாந்திலிருந்து வேறொன்று வர ஆண்டுகள் ஆகும்.

லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்து கதவடைத்துக் கொண்டார். ஆறு வாரம். ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு, வட்டத்தை மயிரிழை மயிரிழையாக இழுத்து, பழைய வடிவுக்குக் கொண்டு வந்தார் என்று அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் எழுதியிருக்கிறார். பிழைபட்ட கருவியைப் பிழைபட்டது என்று ஒப்புக்கொண்டவரால்தான் அதைச் செப்பனிட முடிந்தது. கருவி புனிதமானது, ஆகவே அதில் குறை காணலாகாது என்று கற்பூரம் கொளுத்தியிருந்தால், தென்னாட்டின் நிலப்படமே கோணியிருக்கும்.

அதே காலத்தில், சென்னை நுங்கம்பாக்கத்திலே ஒரு வானாய்வுக்கூடம் இருந்தது. அங்கே நின்ற கருங்கல் தூணிலே தமிழும் பொறிக்கப்பட்டுள்ளது. ஜான் கோல்டிங்காம் என்பவர் அதன் வானியலார். 1820, 1821 ஆம் ஆண்டுகளிலே, புனித ஜார்ஜ் கோட்டையிலும் தோமையார் மலையிலும் வெடித்த பீரங்கிகளின் ஒளி தெரிந்த நொடிக்கும் ஒலி கேட்ட நொடிக்கும் இடையே உள்ள நேரத்தை அளந்து, ஒலியின் வேகத்தைக் கணக்கிட்டார். ஒரே எண் அவருக்குக் கிடைக்கவில்லை. மாதத்துக்கு மாதம் எண் மாறியது. அவர் மாறுபாட்டை அழித்துவிடாமல், அன்றன்றைய வெப்பம், ஈரம், காற்றின் திசை அனைத்தையும் பக்கத்திலேயே குறித்து வெளியிட்டார். இன்று நாம் அறிவோம்: வெப்பம் ஒரு பாகை ஏறினால் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் விரைந்து செல்லும். அந்த மாறுபாடு பிழையன்று. காற்று தன் இயல்பைப் பேசிய பேச்சு!

இதோடு நியூட்டனை ஒப்பிடுங்கள். ஆம், பேரறிஞர் நியூட்டனைத்தான்! ஒலியின் வேகத்துக்கு அவர் கண்ட சூத்திரம், அளந்த வேகத்தைவிட ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவாக வந்தது. 1713 இல் வெளிவந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பிலே, காற்றிலுள்ள துகள்களின் பருமன் என்று கொஞ்சம், நீராவி என்று கொஞ்சம் சேர்த்து, அளந்த எண்ணோடு அச்சாகப் பொருந்துமாறு விடையை உயர்த்தினார். உண்மைக் காரணம் அதுவன்று. ஒலி செல்லும்போது காற்று அழுந்திச் சூடேறுகிறது என்பதே காரணம். அதனை லாப்லாசு 1816 இல் விளக்கினார். நூறாண்டு! தெரிந்த விடைக்கு ஏற்ப வழியை வளைத்ததாலே, அந்த இடைவெளி ஒரு கேள்வியாக நில்லாமல் மூடப்பட்டுப் போயிற்று. நியூட்டன் செய்தாலும் தவறு தவறுதான். இதனைச் சொல்லும் துணிவு நமக்கு இருக்க வேண்டும். அவரது பெருமை அதனால் குன்றாது.

கோல்டிங்காம் ஊசலையும் விட்டுவைக்கவில்லை. 1821 இல் சென்னையிலே, நொடிக்கு ஓர் ஆட்டம் ஆடும் ஊசலின் நீளத்தை அளந்தார். இலண்டனில் அத்தகைய ஊசல் 39.14 அங்குலம், சென்னையிலோ அதைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அங்குலம் குறைவு. பூமி நடுவிலே பருத்து முனைகளிலே தட்டையாய் இருப்பதாலும், தன்னைத்தானே சுழல்வதாலும், நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க ஈர்ப்பு சற்றே குறைகிறது என்பதற்கு நம் மண்ணிலே கிடைத்த சான்று அது.

தோழர்களே, இப்போது அந்த இருபத்து மூன்று பதிவேடுகளை மீண்டும் எடுங்கள். நெய்வேலி நிற்கும் அகலாங்கிலே ஈர்ப்பு முடுக்கம் 9.78. உலகுக்கெல்லாம் பொதுவாக வைத்துக்கொண்ட 9.80665 என்பது 1901 இல் ஒரு மாநாட்டிலே ஏற்கப்பட்ட உடன்பாட்டு எண். 9.80 என்று எழுதிய இருபத்து மூன்று பேரும் தம் காலடி மண்ணின் எண்ணை எழுதவில்லை. எங்கோ அச்சான எண்ணைப் படி எடுத்தார்கள். அதற்கு மேலும் ஒரு சான்று உண்டு. இருபது அலைவுக்கு நாற்பது நொடி. கடிகாரத்தை அழுத்தும் கை 0.2 நொடியேனும் தடுமாறும். அது இருநூற்றில் ஒரு பங்கு. கணக்கிலே நேரம் இருமடிக்கப்படுவதால், விடையிலே நூற்றில் ஒரு பங்கு தடுமாற்றம் வரும். அதாவது 9.8 க்குக் கூடக்குறைய 0.1. நேர்மையாக அளந்திருந்தால் ஒருவனுக்கு 9.7, ஒருவனுக்கு 9.85, ஒருத்திக்கு 9.9 என்று சிதறியிருக்க வேண்டும். இருபத்து மூன்று பேருக்கும் ஒரே எண் வந்தது என்றால், அந்த ஒற்றுமையே குற்றச்சான்று!

அவர்களைப் பொய்யர் என்று தூற்ற நான் வரவில்லை. பின்னோக்கிக் கணக்கிட்டு, விடைக்கு ஏற்ற நேரத்தை எழுதும்படி அவர்களைப் பழக்கியது சிவப்பு மையின் அச்சம். அச்சம் மேதையரையும் அப்படிச் செய்ய வைத்ததுண்டு. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்திலே, மீட்டர் என்னும் புதிய அளவை வகுப்பதற்காக டங்கர்க்கிலிருந்து பார்சிலோனா வரை நிலத்தை அளக்கச் சென்ற இருவரில் ஒருவர் மெஷேன். பார்சிலோனாவிலே அருகருகே உள்ள ஈரிடங்களில் அவர் கண்ட அகலாங்குகள் ஒன்றுக்கொன்று மூன்று விகலை முரண்பட்டன. விகலை என்பது ஒரு பாகையின் 3600 இல் ஒரு பங்கு. அவரது உழைப்பிலே குறை இல்லை. கருவியின் இயல்பு அப்படி. ஆயினும் மானத்துக்கு அஞ்சி அதனை மறைத்தார். மறைத்த நாள் முதல் உறக்கம் இழந்தார். மீண்டும் அளந்து சரிசெய்யப் போவதாகச் சென்று, 1804 இல் ஸ்பெயின் நாட்டிலே காய்ச்சல் கண்டு மாண்டார். அவர் மறைத்ததை, அவரது குறிப்பேடுகளைப் பார்த்த உடனுழைப்பாளர் டெலாம்பர் கண்டறிந்தார். அந்தோ! குற்றமே இல்லாத ஒன்றைக் குற்றமெனக் கருதி மறைத்து, அந்த மறைப்பாலேயே மாய்ந்தார் ஒரு மாமனிதர்.

மறைக்காதவர்கள் என்ன பெற்றார்கள்? அதற்கும் நம் நாட்டு அளவையே சான்று.

லாம்டன் 1823 இல் மறைந்தார். எவரெஸ்ட் பொறுப்பேற்றார். சங்கிலியை ஒதுக்கி, இரும்பும் பித்தளையும் இணைத்து வெப்பத்தின் விளைவை ஒன்றையொன்று ஈடுசெய்யும் அளவுக்கோல்களைக் கொண்டுவந்தார். அளவை வடக்கே நகர்ந்தது. இன்றைய மத்தியப் பிரதேசத்துக் கல்யாண்பூருக்கும், இமயத்துக்கு அருகே உள்ள கலியானாவுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 370 மைல். அந்தத் தொலைவை முக்கோணங்களால் கணக்கிட்டபோது ஒரு விடை. விண்மீன்களை நோக்கி அகலாங்கு கண்டபோது வேறு விடை. வேறுபாடு 5.236 விகலை. தரையிலே அது ஐந்நூறு அடிக்கு மேல். 370 மைலில் ஐந்நூறு அடி, யார் கேட்கப் போகிறார்கள்? எவரெஸ்ட் அதனை அளவைப் பிழை என்றே எண்ணி, கணக்கிலே பங்கிட்டு விட்டார். ஆனால் 1847 இல் வெளியிட்ட நூலிலே அந்த எண்ணை மறைக்காமல் அச்சிட்டார். அங்கேதான் வரலாறு திரும்பியது.

கல்கத்தாவிலே பிராட் என்ற பாதிரியார், கணிதம் வல்லவர், அந்த எண்ணைக் கண்டார். விண்மீனை நோக்கும்போது செங்குத்துத் திசையைக் காட்டுவது தூக்குக்குண்டு. இமயம் என்னும் பெருமலைத் தொகுதி அந்தக் குண்டைத் தன்பால் இழுக்காதா? இழுக்கும்! எவ்வளவு இழுக்க வேண்டும் என்று மலையின் பொருண்மையைக் கணக்கிட்டார். விடை 15.885 விகலை. அதாவது வேறுபாடு ஏன் இவ்வளவு அதிகம் என்பது போய், ஏன் இவ்வளவு குறைவு என்பதே கேள்வியாயிற்று! மலை இழுக்க வேண்டிய அளவில் மூன்றில் ஒரு பங்கே இழுத்தது. 1855 இல் ஆங்கில வானியலார் ஏரி விளக்கம் தந்தார்: மலைக்கு அடியிலே, நீரில் மிதக்கும் பனிக்கட்டியைப் போல, எடை குறைந்த பாறை வேராக ஆழ்ந்து கிடக்கிறது. பிராட்டும் பின்னர்த் தம் விளக்கத்தை அளித்தார். பூமியின் மேலோடு கனமான கீழடுக்கின்மீது மிதந்து நிற்கிறது என்னும் பெரிய உண்மை, ஐந்து விகலை முரண்பாட்டிலிருந்து பிறந்தது. சொன்னவர் பாதிரியார் ஆயிற்றே என்று நாம் முகம் சுளிக்க வேண்டியதில்லை. அவர் மறைநூலை மேற்கோள் காட்டவில்லை, கணக்கைக் காட்டினார். கணக்கு எவர் கையிலிருந்து வந்தாலும் கணக்கே.

எவரெஸ்ட் என்றதும் சிகரம் நினைவுக்கு வரும். அந்தச் சிகரத்தின் உயரத்தைக் கண்ட கணக்கிலே தலையாய பங்கு இராதாநாத் சிக்தாருக்கு உண்டு. வங்கத்து இளைஞர், பகுத்தறிவு முழக்கமிட்ட டெரோசியோவின் மாணவர், 1831 இல் அளவைத் துறையிலே கணக்கராகச் சேர்ந்தவர். வெள்ளைக்கார நீதிபதி ஒருவர் துறையின் கூலியாட்களைச் சம்பளமின்றி வேலை வாங்கியதை எதிர்த்து நின்று, 1843 இல் இருநூறு ரூபாய் தண்டம் கட்டியவர். ஆறு இடங்களிலிருந்து, நூறு மைலுக்கும் அப்பால் நின்று நோக்கிய கோணங்கள். வளிமண்டலம் ஒளியை வளைக்கும் வளைவுக்குத் திருத்தம். ஆறு விடையும் ஆறு விதம். அவற்றின் சராசரி 29,002 அடி. 1856 இல் அறிவிக்கப்பட்டது. 2020 இல் செயற்கைக்கோள் துணைகொண்டு கண்டது 8848.86 மீட்டர், அதாவது 29,032 அடியளவு. ஆயிரத்தில் ஒரு பங்கே வேறுபாடு! கணக்கிட்டவர் பெயர் சிகரத்துக்குக் கிட்டவில்லை. சங்கிலி இழுத்தவர், கொடி பிடித்தவர், கோபுரத்துக்குக் கயிறு கட்டியவர் பெயரோ கல்லிலும் இல்லை, ஏட்டிலும் இல்லை. பிழையைப் பதிந்த அந்த ஏடுகள் உழைத்தவனைப் பதியவில்லை. அதுவும் அளவைத் துறையின் ஒரு பிழையே.

கும்பெனியார் எதற்காக அளந்தார்கள்? வரி தண்டவும் படை நடத்தவும்! அதனை மறைப்பானேன்? ஆனால் நோக்கம் அவர்களுடையது. முறையோ மாந்த இனம் முழுமைக்கும் உரியது. அந்த முறை கூறுவது இதுதான்: நான் கண்டது இது, இதிலே இவ்வளவு வரை நான் தவறியிருக்கலாம், இந்த வழியிலே கண்டேன், நம்பாவிட்டால் நீயே அளந்து பார். சோதிடன் என்றேனும் இப்படிச் சொன்னதுண்டா? நாள், நாழிகை, வினாடி வரை குறித்துத் தருவான். கூடக்குறைய என்று ஒரு சொல் அவன் ஓலையில் இராது. தவறுவதற்கு இடமே வையாத கூற்று, சரிபார்க்கவும் இடம் தாராத கூற்று.

அவனைச் சொன்னது போதும்; நம்மையும் சற்று நோக்குவோம். நம் மாநாட்டுக்கு வந்தவர் எத்தனை பேர் என்று எழுதும்போது நம் பேனா என்ன செய்கிறது? திடலின் நீள அகலம் பார்த்ததா? ஒரு சதுர கசத்துக்கு எத்தனை பேர் என்று எண்ணியதா? 'இலட்சம்' என்று எழுதிவிட்டுத்தானே மற்றதைச் சிந்திக்கிறோம்! எதிரியின் எண்ணைச் சல்லடையிட்டுச் சலித்து, நம் எண்ணை அப்படியே விழுங்குகிறவன் பகுத்தறிவாளன் அல்லன். கட்சி மாறிய பக்தன். நம் பக்கத்து எண்ணுக்கும் ஒரு 'கூடக்குறைய' எழுதப் பழகுவோமானால், அன்றுதான் நம் சொல்லை மாற்றாரும் மறுக்க அஞ்சுவர்.

அந்த மாணவனிடம் திரும்பினேன். மறுநாள் மாலை, விடுப்பு முடிந்து வந்த இயற்பியல் ஆசிரியரும் உடன் இருந்தார். 9.6 க்குத் தடுமாற்றம் 0.1 என்றால், 9.78 அந்த எல்லைக்கு வெளியே நிற்கிறது. ஆகவே கைத்தடுமாற்றம் மட்டும் காரணமன்று; ஒருபக்கமாகச் சாய்க்கும் வேறொன்று ஒளிந்திருக்கிறது. சராசரியால் அகப்படாத அதனை எப்படிப் பிடிப்பது? நீளத்தை மாற்றி மாற்றி அளக்கச் சொன்னார் ஆசிரியர். 50, 60, 70 என்று 100 சென்டிமீட்டர் வரை ஆறு நீளம். ஒவ்வொன்றுக்கும் அலைவு நேரம். நீளத்தை ஒரு பக்கமும், நேரத்தின் இருமடியை மறுபக்கமும் வைத்து வரைபடம் வரைந்தான். ஆறு புள்ளிகளும் ஒரு கோட்டிலே அமைந்தன. ஆனால் சுழியம் வழியாகச் செல்ல வேண்டிய அந்தக் கோடு, நீள அச்சிலே சுழியத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் முன்னே போய் முட்டியது!

இரண்டு சென்டிமீட்டர். ஊசலைக் கையிலெடுத்துப் பார்த்தான். நூலை முடிச்சு வரையே அளந்திருக்கிறான். கொக்கியையும், குண்டின் நடு வரையுள்ள தொலைவையும் சேர்க்க மறந்திருக்கிறான். வெர்னியர் அளவியை வைத்தால் சரியாக அந்த இரண்டு சென்டிமீட்டர். கோட்டின் சாய்வுக்கு இந்த மறதியால் ஊறு இல்லை. எல்லா நீளத்திலும் ஒரே அளவுதானே குறைந்தது! சாய்விலிருந்து கணக்கிட்டபோது வந்த விடை 9.76, கூடக்குறைய 0.05. நெய்வேலி மண்ணின் 9.78 அந்த எல்லைக்குள்ளே அமைதியாக அமர்ந்திருந்தது. தவறான விடையை அழித்திருந்தால் அந்தக் கொக்கி என்றும் அகப்பட்டிராது. 9.80 என்று எழுதிய இருபத்து மூன்று பேரும் அதே கொக்கியைத் தவறவிட்டிருக்கக் கூடும். அவர்களுக்கு அது தெரியவே தெரியாது!

இயற்பியல் ஆசிரியர் ஒன்றும் பேசாமல் பேனாவை எடுத்தார். சிவப்புச் சுழியை அடித்து, பக்கத்திலே கையெழுத்திட்டார். மற்ற இருபத்து மூன்று பேரையும் மறுபடி அளக்கச் சொல்லியிருக்கிறார். இம்முறை விடைகள் சிதறி வரட்டும் என்று காத்திருக்கிறோம்.

"தேர்வில் என்ன எழுதட்டும் ஐயா?" என்று அவன் மறுபடியும் கேட்டான். தேர்வாளர் எப்படிப்பட்டவராக வருவார் என்பதற்கு நான் உறுதி கூற இயலாது. பொய்யான உறுதி கொடுத்து அவனை ஏமாற்றவும் விரும்பவில்லை. "வந்ததை எழுது, எவ்வளவு தவறியிருக்கலாம் என்பதையும் எழுது, ஏன் என்று தெரிந்தால் அதையும் எழுது. மதிப்பெண் குறைந்தால், உன்னோடு வந்து நானும் கேட்கிறேன்," என்றேன்.

அவன் சிரித்தான். "அப்பாவும் இதையேதான் சொன்னார் ஐயா," என்றான்.

அவன் தந்தை சுரங்கத்திலே நீரிறைக்கும் பகுதியில் அளவுமானி பார்த்து எழுதும் தொழிலாளி. 1957 இல் மண்வெட்டத் தொடங்கி, 1961 இல் பழுப்பு நிலக்கரியைக் கண்ட இந்த ஊரிலே, நிலக்கரிப் படிவத்துக்கு அடியிலே பெரும் அழுத்தத்தோடு நீர் தேங்கி நிற்கிறது. இடைவிடாது இறைத்து அந்த அழுத்தத்தைத் தணித்தால்தான், மேலே மாந்தர் நின்று கரி வெட்ட முடியும். அங்கே அளவுமானியைப் பார்ப்பவன், இருக்க வேண்டிய எண்ணை எழுதினால் என்ன ஆகும்?

"மானியில் உள்ளதை எழுதாமல் மேலதிகாரிக்குப் பிடித்ததை எழுதினால், மேலதிகாரி கேட்கமாட்டார்; தண்ணீர் வந்து கேட்கும்," என்றாராம் அந்தத் தொழிலாளி.

பல்கலைக்கழகம் காணாதவர் அவர். லாம்டனும் கோல்டிங்காமும் கற்பித்ததை, அடிநிலத்து நீரழுத்தம் அவருக்குக் கற்பித்திருக்கிறது.